வழித்துத் துடைத்த கிண்ணம்

கிண்ணம் காலியாகத் திரும்பினால் போடிலுக்கு உச்சி குளிர்ந்துவிடும். பண்ணைகள் நிறைந்த மேற்கு யூட்லாந்தில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டுக்குச் சமைப்பவள் அவள்தான். வயதானவர்கள் வயிற்றில் இடம் குறைவு, அதனால் கிண்ணமும் சின்னது. ஆனால் க்ரீம், வெண்ணெய், முட்டைக்கரு, பால்பவுடர் என்று அதற்குள் திணிக்க முடிந்ததையெல்லாம் திணித்துவிடுவாள்.

குட்ரூனின் கிண்ணம் தினமும் வழித்துத் துடைத்துத்தான் வந்தது. பன்றிப் பண்ணையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட கிழவி. உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தால்தான் அறுவைப் புண் ஆறும், வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் பிழைப்பதே கஷ்டம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். எடையோ இறங்கிக்கொண்டே போனது. போடில் வெண்ணெயைக் கூட்டினாள். எடை இன்னும் இறங்கியது. இதென்ன கண்றாவி!

ஒருநாள் மதியம் கிண்ணத்தை எடுக்கக் கொஞ்சம் முன்னதாகவே போனாள். குட்ரூனின் புருஷன் ஆக்ஸெல், கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு, கஞ்சியை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அடியில வெண்ணெய் கிடக்கு, கிளறிச் சாப்பிடுங்க" என்று பக்கத்திலிருந்து உபசாரம் வேறு செய்துகொண்டிருந்தாள் குட்ரூன்.

போடிலுக்கு வந்ததே கோபம்! "ஆக்ஸெல், வெக்கமா இல்ல உங்களுக்கு? நோயாளி சாப்பாடு இது!"

"இவதான் வேண்டாங்கறா. க்ரீம்னாலே இவளுக்கு ஆகாது. வீட்டுலயும் தொடமாட்டா."

"அவரைத் திட்டாதே பொண்ணே. ஒரு முட்டை அவிக்கத் தெரியாது அவருக்கு. வீட்டுல காஞ்ச ரொட்டியத்தான் கடிச்சுக்கிட்டு கிடக்காரு" என்றாள் குட்ரூன்.

"கீழ கேன்டீன் இருக்குல்ல?"

"சோத்துக்குக் காசு குடுக்க நான் என்ன டவுன்காரனா?" என்றார் ஆக்ஸெல்.

பண்ணை வீடுகளில் வழக்கம் அதுதான். புருஷனும் வேலையாட்களும் தின்று எழுந்தபிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதை அடுப்படியில் நின்றபடியே வழித்துப் போட்டுக்கொள்வாள் வீட்டுக்காரி. குட்ரூன் தனக்கென்று தட்டு வைத்து உட்கார்ந்ததே இல்லை. வழக்கமாம், மண்ணாங்கட்டி!

போடில் நேரே தலைமை நர்ஸிடம் போய் வத்திவைத்தாள். மறுநாளிலிருந்து சாப்பாட்டு வேளையில் ஆக்ஸெல் உள்ளே வரக்கூடாது என்று ஆகிவிட்டது. இனி கிழவி சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும் என்று போடிலுக்கு ஒரே தெம்பு.

ஸ்பூனை நீட்டினால் குட்ரூன் வாயைத் திறக்கவில்லை.

"அவர் சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்பாள்.

"சாப்பிட்டாரு."

"உனக்குப் பொய் சொல்ல வரல, போடில்."

போடில் கெஞ்சினாள், அதட்டினாள், ஊட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒருநாள் முட்டைக்கருவும் சர்க்கரையும் க்ரீமும் அடித்துக் கொண்டுபோனாள். என்ன நினைத்தாளோ, குட்ரூன் ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடினாள். பிறகு ஸ்பூனை வாங்கி இரண்டு பக்கமும் நக்கினாள், சின்னப் பிள்ளை மாதிரி.

"இவ்வளவு நல்லாவா இருக்கும் இது?" என்றாள். உடனே கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். "மீதிய அவருக்கு எடுத்து வை."

அந்த வாரமே புண் பிளந்துகொண்டது, காய்ச்சல் கண்டது, குட்ரூன் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்தபின் அவளுடைய உடுப்புகளை எடுத்துப் போக ஆக்ஸெல் வந்தார். மதிய வேளை. பழக்க தோஷத்தில் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். போடில் ஒரு கிண்ணம் க்ரீம் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லா இருக்கு" என்றார் கிழவர். "பாவம், அவளுக்குத்தான் க்ரீம் பிடிக்காமப் போச்சு."

"பிடிச்சுது, ஆக்ஸெல். ஸ்பூனை நக்கினாங்க."

கிழவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "எங்கிட்ட ஒருநாளும் சொல்லலியே" என்றார்.

கேட்டால்தானே சொல்ல, என்று போடிலுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தான் மட்டும் என்ன கிழித்துவிட்டாள்? இன்று கிழவருக்கு ஒரு கிண்ணம் வைத்ததை வார்டில் யாரும் ஏனென்று கேட்கவில்லை. நர்ஸ்கூடப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள். அன்றைக்கே அவருக்கொன்று, அவளுக்கொன்று என்று இரண்டு கிண்ணமாகக் கொண்டுவந்திருக்கலாம்.