என் வாயால் போன பட்டியல்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பலகையும் இரண்டு சாக்கும் வைத்துத் தொடங்கிய கடை இன்று மூன்று கதவுக் கடை. வெள்ளவத்தையில் ஒரு கிளை. கலவரத்தில் எரிந்ததை அதே இடத்தில் திருப்பிக் கட்டினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிள்ளைகள் மூவரையும் படிப்பித்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, செத்தவீட்டுக்காரர் கடை கடையாக அலையாமல், தர்ப்பை, எள், நூல், வேட்டி என்று கிரியைக்கு வேண்டியதை ஒரே பொதியாகக் கட்டிக் கொடுக்கலாம் என்று இந்த நகரத்தில் முதலில் கண்டவன் நான். இன்று புறக்கோட்டையிலும் கட்டுகிறார்கள். கட்டட்டும்.

பொதி கட்டுவதற்குச் சாமானைத் தெரிந்தால் போதாது, ஆளைத் தெரிய வேண்டும். வாசலுக்கு வருபவர் இரண்டு சொல் பேசினால் எந்தப் பொதி என்று எனக்குத் தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்தாருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. மலையகத்தாருக்குப் பதினாறாம் நாள் கருமாதி. அதில் செத்தவரின் மகனுக்குத் தாய்மாமன் தலையில் துண்டு கட்டுவார். உருமா என்பார்கள். அந்தத் துண்டு இல்லாவிட்டால் அது பொதியே இல்லை.

இவ்வளவு தெரிந்த நான்தான் பிழை விட்டேன்.

என் மருமகள், யாரும் வாசிக்கலாம், யாரும் எழுதலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் சனிக்கிழமைகளில் எழுதுவாள். கொழும்புத் தமிழரின் இறுதிக் கிரியை பற்றிக் கேட்டுக் கடைக்கு வந்தாள். நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஆள். வாயில் முதலில் வந்தது என் ஊர்ப் பட்டியல். நாளும் சாமானும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“மாமா, எல்லா ஆக்களுக்கும் இதுதானோ?”

“ஓம். கொழும்பில என்னை விடத் தெரிஞ்சவன் ஆர்? எழுது.”

வாசலில் ஆள் காத்து நின்றதால் அவசரத்தில் அப்படிச் சொன்னேன் என்று சொல்லலாம். ஆனால் காரணம் அதுவல்ல. சிலருக்கு வேறு மாதிரி என்று சொன்னால் என் பட்டியல் சிறுத்துப் போகும் போல இருந்தது.

பிறகு மரண அறிவித்தல் போடும் இணையத்தளம் ஒன்று அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துப் போட்டது. அதற்குப் பிறகு, கைபேசியில் கேட்டால் பதில் சொல்கிற செயற்கை நுண்ணறிவும் அதையே சொல்லத் தொடங்கியது. பெருமையாகத்தான் இருந்தது.

இந்த ஆடியில், எங்கள் தெருவில் இடியப்பம் அவிக்கும், மலையகத்து ஹட்டன் பக்கத்து அம்மா கடைக்கு வந்தார். புருஷன் செத்துப் பத்து நாள். கூடவே மூத்த மகள்.

“மொதலாளி, பதினாறுக்குச் சாமான் கட்டுங்க. மகனுக்கு உருமா கட்ட எங்க அண்ணன் வர்றாரு.”

மகள் கைபேசியை நீட்டினாள். “அம்மா, அதெல்லாம் தோட்டத்துல. கொழும்புத் தமிழருக்கு முப்பத்தொண்ணுன்னு இதுல போட்டிருக்கு. உருமாங்கிற பேச்சே இல்ல.”

பார்த்தேன். தர்ப்பை, அடுத்து எள், அடுத்து நூல். நான் சொன்ன அதே ஒழுங்கு.

“பிள்ளை, இது நான் சொன்னது. பிழையாச் சொல்லிப்போட்டன். அம்மா சொல்லுறதுதான் உங்கட வழக்கம்.”

அவள் சிரித்துவிட்டாள். “ஏங்க மொதலாளி, ஏஐக்கும் நீங்கதான் வாத்தியாரா? நிலாவுக்கு ராக்கெட் விட்டதும் நீங்கதானா?”

கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். இத்தனை வருடம் வாசலில் நின்று நான் அடித்த பெருமை எல்லாம் அன்று எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அம்மா என் முகத்தைப் பார்த்தார். “எங்க வூட்டுல படிச்சவ இவ ஒருத்திதானுங்க,” என்றார். ஒன்றும் வாங்காமல் போனார்கள்.

அன்றே மருமகள் கட்டுரையைத் திருத்தினாள். மறுநாள் யாரோ திருத்தத்தை அழித்திருந்தார்கள். ஆதாரம் வேண்டுமாம்.

“நான்தானே ஆதாரம்.”

“நீங்கள் ஆதாரம் இல்லை மாமா. எங்கேயாவது வெளிவந்திருக்க வேணும். பழைய பட்டியலுக்கு அந்த மரண அறிவித்தல் தளம் ஆதாரமாக் கிடக்கு.”

“அவங்கள் உன்னட்ட இருந்துதானே எடுத்தவங்கள்!”

“ஓம்,” என்றாள்.

நானே கைபேசியிடம் பிழை என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டது, நன்றி சொன்னது. விடிய மகனின் கைபேசியில் கேட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்று.

பதினாறாம் நாள், கேட்காமலே பொதியைக் கட்டி, துண்டை மேலே வைத்து நானே கொண்டுபோனேன். அம்மாவின் அண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். முப்பத்தொன்றுக்கு ஐயரிடம் சொல்லியாகிவிட்டது என்றாள் மகள். தம்பிக்காரன் அக்காவின் பேச்சைத் தாண்டவில்லை. அண்ணனுக்கு இன்னொரு முறை லீவு கிடைக்காது. பின்னேர ரயிலுக்கு எழும்பிவிட்டார். அம்மா வாசல் நிலையைப் பிடித்தபடி அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பதிலைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவைச் செய்கிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. இதை வாசிப்பவர் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பெயரில்லாமல் போன என் பேச்சு எல்லாருடைய வழக்கமாகிவிட்டது. என் பெயர் இருந்திருந்தால் அது ஒரு கடைக்காரக் கிழவன் சொன்னதாக மட்டும் இருந்திருக்கும். அந்த அம்மா மகளோடு வாதாடியிருக்கலாம். பெருமைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன், மறைக்கவில்லை. அந்தப் பட்டியலின் கீழே என் பெயரையும் என் ஊரையும் போடுங்கள். பிழை என்னுடையது என்றும் போடுங்கள்.