அறுத்தெடுத்த மெட்டியுடன் காஞ்சிபுரத்தில் மூன்று நாள்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு விழுப்புரத்திலிருந்து காஞ்சிபுரம் வண்டி புறப்பட்டது. திண்டிவனம், வந்தவாசி வழியாக ஏறத்தாழ நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். டிக்கெட் தொண்ணூறு ரூபாய். என் சட்டைப்பையில் மருத்துவமனையில் கொடுத்த ஒரு காகித உறை இருந்தது. அதற்குள் ஒரு ஜோடி மெட்டி, ஒவ்வொன்றும் இரண்டு துண்டாக.

அவை என் மனைவி வளர்மதியுடையவை. மூன்று மாதத்துக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே போகுமுன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். தாலியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். மெட்டி மட்டும் வரவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் விரல் அதைச் சுற்றித் தடித்துப் போயிருந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றியும் நகராததால், நர்ஸ் ஒரு கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து அறுத்தெடுத்தார். அதுவரை வலியில் முனகக்கூடச் செய்யாதவள் அந்தச் சத்தத்துக்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புதுசு வாங்கலாம் என்றேன். "இப்ப என்னா அவசரம்" என்று தள்ளிப்போட்டாள். ஆனால் உட்காரும்போதெல்லாம் விரலில் வெளுத்துப்போன அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருப்பாள். கல்யாணத்தன்று அம்மிமேல் அவள் காலைத் தூக்கி வைத்து மெட்டி போட்டவன் நான்தான். ஆனால் அதை வாங்கியது என் அப்பா, தேர்ந்தெடுத்தது என் அத்தை. இந்த முறை என் கையாலேயே செய்தால் என்ன என்று தோன்றியது. நான் பத்திரம் எழுதுகிறவன். ஐம்பத்தாறு வயதுவரை பேனாவைத் தவிர வேறு கருவி பிடித்ததில்லை. புதியவர்களுக்கு மூன்று நாள் வெள்ளி நகை வகுப்பு என்று போனில் பார்த்து நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டினேன். வளர்மதியிடம் சொன்னபோது, "கையைச் சுட்டுக்கினு வந்து நிக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான்.

எட்டரை மணிக்குச் செவிலிமேட்டில் பாலாற்றைக் கடந்தோம். ஒன்பதுக்கு நான் பெரிய காஞ்சிபுரத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு தெருவில் மாம்பழ நிறத்தில் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீளமாக விரித்திருந்தார்கள். அதன்மேல் நிழல்கூடப் படாமல் சுவரை ஒட்டிப் போனேன். அடுத்த சந்தில், ஒரு வீட்டு மாடியில் பட்டறை.

சொல்லிக்கொடுக்கும் எஸ்தருக்கு முப்பது வயதிருக்கும். சொந்த ஊர் தென்னேரி. பெற்றோர் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். கொலுசுக்கு மெருகு போடும் வேலைக்கு நகரத்துக்கு வந்தவர், பக்கத்தில் பற்றவைப்பவர்களைப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாராம். என்னோடு படிக்க வந்திருந்தவர் ஒருவர்தான். கஜலட்சுமி, பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவர்.

எஸ்தர் என் உறையைப் பிரித்து நான்கு துண்டுகளையும் தராசில் வைத்தார். ஒன்பது கிராமுக்குக் கொஞ்சம் அதிகம்.

"இதை அப்படியே ஒட்டிக் குடுத்துரலாம் சார். அஞ்சு நிமிச வேலை. உருக்கிட்டா பழசு திரும்பி வராது. யோசிச்சிக்கோங்க."

"ஒட்டினா அறுத்த தடம் தெரியுமாம்மா?"

"உத்துப் பாத்தா தெரியும்."

வளர்மதி உற்றுப் பார்க்கிறவள். "உருக்கிடலாம்" என்றேன்.

மூசை என்கிற சிறிய மண் கிண்ணத்தில் துண்டுகளைப் போட்டு, உருகுவதற்குத் துணையாக வெங்காரம் தூவி, கேஸ் சுடரை என் கையில் கொடுத்தார். வெள்ளி முதலில் கறுத்தது. பிறகு சிவந்தது. வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. திடீரென்று துண்டுகளின் ஓரம் மழுங்கியது. ஒன்றை ஒன்று தொட்ட கணத்தில் நான்கும் இல்லை. ஒரே ஒரு துளி, கிண்ணத்தின் நடுவில் நடுங்கிக்கொண்டு நின்றது. அவ்வளவு சுத்தமான கண்ணாடியை நான் பார்த்ததில்லை. அதில் சுடர் தெரிந்தது, சுடருக்குப் பின்னால் என் மூக்குக் கண்ணாடி தெரிந்தது. இருபத்தெட்டு வருடம் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்த வெள்ளி இது. மூச்சு விடவும் தயங்கினேன்.

"ஊத்துங்க சார். பாதியில நிறுத்தாதீங்க" என்றார் எஸ்தர். இரும்பு அச்சின் பள்ளத்தில் ஊற்றினேன். ஒரு நொடியில் அது பென்சில் துண்டளவு கட்டியாக உறைந்தது.

மதியம் முழுவதும் அதைக் கம்பியாக இழுத்தோம். பெரிய துளையிலிருந்து சிறிய துளைவரை வரிசையாக ஓட்டையிட்ட இரும்புத் தகடு ஒன்று உண்டு. கம்பியின் முனையைத் துளையில் செருகி, குறடால் பிடித்து, மறுபக்கம் இழுக்க வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் கம்பி மெலிந்து நீளும். என் கம்பி நான்கு இடத்தில் கோணியது. கஜலட்சுமியுடையது நேராக வந்தது. அவரோ தன் கையைப் பார்க்கவில்லை, கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிகையிலயும் வெள்ளிதான் இருக்குதுண்ணா. இருவது வருசமா அதை நெய்ஞ்சிக்கினு இருக்கேன். அது இப்பிடித்தான் நூலாவுதுன்னு இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்" என்றார்.

அன்று எழுநூறு ரூபாய்க்கு ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். விரல்கள் மடங்கவில்லை.

சனிக்கிழமை காலை, கம்பியை இரும்புக் கோலில் சில சுற்றுகள் சுற்றி இரண்டு மெட்டி வளைத்தேன். மேலே வைக்கச் சிறு மணிகள் வேண்டும். எள்ளளவு வெள்ளித் துணுக்குகளைக் கரிக்கட்டைமேல் வைத்துச் சுடரைக் காட்டச் சொன்னார் எஸ்தர். காட்டினேன். ஒவ்வொரு துணுக்கும் தானே சுருண்டு, தானே உருண்டு, பிசகில்லாத மணியானது. யாரும் உருட்டவில்லை. பத்து மணிகள் செய்தேன். போதும் என்று எஸ்தர் சொன்ன பிறகும் இரண்டு செய்தேன்.

பிறகு பற்றவைப்பு. மணிக்கும் வளையத்துக்கும் நடுவே, ஒட்டவைக்கும் பற்றாசுப் பொடி வைத்துச் சூடேற்றினால், சரியான பதத்தில் பொடி உருகி, ஒரு மின்னல் கோடாக இடுக்கில் ஓடும். முதல் மெட்டியில் ஐந்து மணிக்கும் ஐந்து முறை அந்தக் கோட்டைப் பார்த்தேன். இரண்டாவது மெட்டியில் கடைசி மணி. கோடு ஓடிவிட்டது. இன்னும் ஒரு நொடி அதைப் பார்க்கும் ஆசையில் சுடரை எடுக்காமல் இருந்துவிட்டேன். மெட்டி அப்படியே தளர்ந்து, கவிழ்ந்து, மணிகளை விழுங்கி, ஒரு கட்டியாகக் கிடந்தது.

வளர்மதியின் ஒரு காலையே ஏதோ செய்துவிட்டது போலிருந்தது.

எஸ்தர் கேஸை மூடினார். "எல்லாருக்கும் ஒரு தபா ஆவும் சார். வெள்ளி எங்கியும் போவலை, அங்கியேதான் இருக்குது. நாளைக்குத் திருப்பி உருக்கலாம். இப்ப உங்களுக்குக் கை நடுங்குது. போயி வரதராஜர் கோயில்ல கல் சங்கிலியைப் பாத்துட்டு வாங்க."

ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து மாலை நான்கரைக்குச் சின்ன காஞ்சிபுரம் போனேன். நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் அந்தச் சங்கிலி தொங்குகிறது. முன்பு இரண்டு முறை குடும்பத்தோடு வந்து, போட்டோ எடுத்துக்கொண்டு ஒரே நிமிடத்தில் நகர்ந்திருக்கிறேன். இன்று அண்ணாந்து, வளையம் வளையமாகப் பற்றவைத்த இடத்தைத் தேடினேன். ஒரு வளையத்துக்குள் இன்னொன்றைக் கோர்க்க வேண்டுமானால் எங்காவது வெட்டிச் சேர்த்திருக்க வேண்டும் அல்லவா? எங்கும் வெட்டில்லை. ஒரே கல்லுக்குள்ளிருந்து ஒவ்வொரு வளையமாக விடுவித்திருக்கிறார்கள். கடைசி வளையத்தில் உளி ஒருமுறை பிசகினாலும் அத்தனையும் வீண். கல்லைத் திருப்பி உருக்க முடியாது. அந்தக் கை எத்தனை நாள் நடுங்காமல் இருந்திருக்க வேண்டும்? கழுத்து வலிக்கும்வரை நின்றேன். வெளியே வந்தபோது என் தவறு தன் உண்மையான அளவுக்குச் சுருங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே பட்டறைக்குப் போய்விட்டேன். கட்டியை உருக்கி, ஊற்றி, மறுபடி கம்பி இழுத்தேன். மூன்றரைக்கு வகுப்பு முடிய வேண்டும். பதினொன்றரை ஆகியும் இரண்டு துளைகள் பாக்கி.

"கடைசி ரெண்டை நான் இழுத்துக் குடுத்துடட்டுமா சார்? நேரம் ஆவுது" என்றார் எஸ்தர்.

"வேணாம்மா."

"அப்ப இத்தோட நிறுத்திக்கணும். இது தடியாத்தான் இருக்கும். ஒரு சுத்தும் கொறையும்."

"இருக்கட்டும்."

குறைந்த மணிகளையும் செய்து பற்றவைத்தேன்; இந்த முறை ஒவ்வொரு கோடும் மின்னி ஓடியவுடன் சுடரை விலக்கினேன். பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இந்தத் தொழிலின் பாதி என்று அப்போது புரிந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவியதும் இரண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. கஜலட்சுமி தான் செய்த தோட்டைக் காதில் போட்டுக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

நான்கு மணிக்குப் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காக நின்றேன். எதிரே நூறு பேர் நடந்தார்கள். கொலுசு, தோடு, மூக்குத்தி, அரைஞாண். மூன்று நாளுக்கு முன் இவையெல்லாம் எனக்குக் கடையில் விற்கும் சாமான். இப்போது ஒவ்வொன்றிலும், யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுடரை விலக்கிய ஒரு நொடி தெரிந்தது. எங்கள் ஊரிலும் இத்தனை நாள் அது நடமாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வளர்மதியின் போன் வந்தது.

"ரெண்டும் ஒண்ணு போல வந்துதா?"

"இல்ல. ஒண்ணு கொஞ்சம் தடி. ஒரு சுத்து கம்மி."



"தடியா இருக்கறதை வலது கால்ல போட்டு வுடுங்க" என்றாள். "அடி எடுத்து வெக்கசொல்ல அதான் முதல்ல வரும்."