அணையக் கூடாத கணினி

சின்னவளே, போன வாரம் நீ போனில் ஒன்று கேட்டாய். "ரெண்டு யூபிஎஸ் இருந்துச்சேப்பா. அப்புறம் எப்படி கம்பியூட்டர் ஆஃப் ஆச்சு?" அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பஸ் ஓட்டப் போக நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று எனக்கு வேலையே இல்லை.

பெரியவளும் இதைப் படிக்க வேண்டும். ஜொகூரில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறவளுக்கு நின்று பேச நேரமில்லை. நேரம் இருந்தாலும் என்னால் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எடுத்துப் படித்தாலும் விளங்க வேண்டும்.

உங்கள் அண்ணன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். எடுப்பது ஈப்போவிலும் சுற்று வட்டாரக் கோயில் மண்டபங்களிலும், வெட்டி ஒட்டுவது நம் வீட்டு முன்னறையில். அன்று மத்தியானம் சாப்பாடு வாங்க மோட்டாரை எடுத்தான். வாசலில் நின்று, "ஆஃப் பண்ணிடாதீங்கப்பா, ஓடிக்கிட்டு இருக்கு" என்றான். ஒரு கல்யாண வீடியோவைக் கணினி தயார் செய்துகொண்டிருந்தது. லகாட் சாலையில் மழை ஈரம். அவன் திரும்பி வரவில்லை.

காடாற்றிவிட்டு வந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் அணைக்கப் போனேன். நீ ஓடி வந்து என் கையைப் பிடித்தாய்.

"தொடாதீங்கப்பா. இது பூட்டு போட்ட கம்பியூட்டர். ஒரு வாட்டி ஆஃப் ஆச்சுன்னா நீளமா ஒரு நம்பர் கேக்கும். அந்த நம்பர் இல்லாம யாராலயும் தொறக்க முடியாது."

"நம்பர் எங்க இருக்கு?"

"அண்ணன் போன்ல இருந்திருக்கும்."

போன் மோட்டாரோடு நசுங்கிப் போயிருந்தது. அவனுடைய மற்ற இணையக் கணக்குகளுக்கும் அந்தப் போன்தான் சாவி. பிறர் வீட்டுக் கல்யாணங்கள் உள்ளே இருப்பதால் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறான் என்றாய். அப்போதே கொஞ்சத்தையாவது எடுத்துவைக்கலாம் என்று நீ சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. அம்மா விடவில்லை. "பதினாறு முடியட்டும். அதுவரைக்கும் அவன் சாமான் எதையும் யாரும் தொடக்கூடாது." காரியம் முடிகிற வரை அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்று நம்புகிறவளிடம் என்ன வாதாடுவது? நீ பரீட்சைக்குத் திரும்பிப் போனாய். போகும்போது என்னிடம் இரண்டு சொன்னாய். பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்க வேண்டும், அதற்கு முன்னால் யூபிஎஸ்ஸைக் கவனிக்க வேண்டும்.

யூபிஎஸ் எனக்குப் புதிதில்லை. உங்கள் அண்ணன் முதலில் வாங்கியபோது ஈப்போவுக்குக் கூடவே போனவன் நான். செங்கல் கனத்தில் ஒரு கறுப்பு பேட்டரிப் பெட்டி. கரண்ட் போனால் ஐஸ்பெட்டியையும் இதில் மாட்டலாமா என்று கேட்டேன். அவன் கடையிலேயே தலையில் கை வைத்துக்கொண்டான். நம் தாமான் குடியிருப்பில் கரண்ட் போகாத மாதம் ஏது? போகும்போதெல்லாம் அது கோழிக்குஞ்சு மாதிரிக் கத்தும். அம்மா அடுப்படியிலிருந்து, "தம்பி, உன் குஞ்சுக்குத் தீனி போடு" என்பாள். அந்தப் பெட்டியில்தான் இப்போது சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரி கிழடாகிவிட்டது என்று அர்த்தம்.

அதே கடைக்குப் போனேன். கடையில் இருந்தது நம் தமிழ்ப் பையன்தான்.

"பழசுக்கு பேட்டரி மட்டும் மாத்துனா போதும் லா, அண்ணே. ஒரு அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு மாத்திடலாம்."

"ஆஃப் பண்ண முடியாது, தம்பி."

"என்ன அண்ணே, வீட்டுல பிட்காயின் தோண்டுறீங்களா?"

நானும் சிரித்து வைத்தேன். அவனுக்கு எதுவும் தெரியாது. இருப்பதில் பெரியதாகக் கொடு என்றேன்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"இருவது நிமிஷம்னு வைங்க. இது ஜெனரேட்டர் இல்ல அண்ணே. கரண்ட் போனா, வேலைய சேவ் பண்ணிட்டு மரியாதையா மூடுறதுக்கு டைம் குடுக்கும். அவ்ளோதான்."

வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் உறைத்தது. புதியதில் மாட்ட வேண்டும் என்றால் கணினியைப் பழையதிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றினால் போயிற்று. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உனக்குத்தான் போன் போட்டேன்.

"கம்பியூட்டர தொடாதீங்கப்பா. அது பழசுலயே இருக்கட்டும். பழசோட ப்ளக்க செவத்துலேர்ந்து புடுங்கி, புதுசுல சொருகுங்க. அந்த நேரத்துக்குப் பழைய பேட்டரி தாங்கணும், அதான் பயம்."

புதியதைச் சுவரில் மாட்டி நன்றாகச் சார்ஜ் ஏற விட்டேன். பிறகு பழையதின் ப்ளக்கைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொடுகிற மாதிரி அவள் கணினியின் மேல் கை வைத்திருந்தாள். புடுங்கினேன். பெட்டி கத்தியது. ஓட்டை எங்கே என்று தெரியாமல் தடவி, எப்படியோ சொருகினேன். கத்தல் நின்றது.

"நிக்கல" என்றாள் அம்மா. "புடுங்கியும் நிக்கலங்க."

"இனிமே பயம் இல்ல. கரண்டே போனாலும் இது போவாது."

இருபது நிமிஷக் கதையை நான் அவளிடம் சொல்லவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு அவள் காய்கறி நறுக்குவது, துணி மடிப்பது எல்லாம் அந்த அறையில்தான்.

இடையில் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஒருவர் வந்தார். அவர் மகள் கல்யாணத்தை உங்கள் அண்ணன்தான் எடுத்திருந்தான்.

"வீடியோவுக்கு வரல அண்ணே. சும்மா உங்கள பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். காப்பி குடித்தார். அம்மாவிடம் ஆறுதலாக நாலு வார்த்தை பேசினார். செருப்பை மாட்டும்போது என் பக்கம் குனிந்து, "அவசரம் ஒன்னும் இல்ல. பிள்ளையோட மாமியார் வீட்டுலதான்... எங்க வீடியோ, எங்க வீடியோன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே ஒரு முறை நடக்கிற கல்யாணம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஹார்ட் டிஸ்க் வாங்கப் போனேன்.

"நாலு டெராபைட் அண்ணே. ஒரு தாமானுக்கே கல்யாணம் பண்ணி வச்சாலும் எடம் இருக்கும்" என்றான் அதே பையன். உள்ளங்கை அகலம்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நீ போனில் முகம் காட்டிச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். திரையில் கல்யாணங்கள் வரிசையாக இருந்தன. கடைசியில் தமிழில் 'வீடு' என்று ஒரு கோப்பு. எதை முதலில் எடுக்கலாம் என்று கேட்டாய். அடுத்தவர் பொருளை முதலில் எடு என்று நான் சொன்னேன். இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பணம் வாங்கிச் செய்கிற வேலை, நமக்காகக் காத்திருக்கிற ஜனங்கள். நீ போனை வைத்த பிறகு அந்தக் கோப்பை மட்டும் திறந்து பார்த்தேன். சின்னச் சின்னப் படங்களாக நிறைய இருந்தன. முதல் படத்தில் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள். மூடிவிட்டேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்து அவளோடு சேர்ந்து பார்க்கலாம் என்றுதான். கல்யாணங்கள் எல்லாம் முடிய மணிக்கணக்கில் ஆகும் என்று திரையில் காட்டியது. பேக்டரி பஸ்ஸை எடுக்கக் கிளம்பினேன்.

இனி எழுதப்போவது அம்மா என்னிடம் சொன்னது.

மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தது. இடி வந்தால் நம் வீட்டில் என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரப்பர் பால்மரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். அம்மா பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். லயத்து வீடுகளுக்குப் பின்னால் தென்னையில் விழுந்த இடி கம்பி வழியாக வந்து, பக்கத்து வீட்டு டிவி அவள் கண் முன்னாலேயே வெடித்தது. அன்றிலிருந்து முதல் இடிச் சத்தத்துக்கே அவள் கை ப்ளக்குக்குப் போகும். அன்றும் டிவி, ஐஸ்பெட்டி, காற்றாடி எல்லாவற்றையும் புடுங்கினாள். பிறகு முன்னறைக்கு வந்து, சுவரிலிருந்து யூபிஎஸ்ஸின் ப்ளக்கையும் புடுங்கினாள். நான் புடுங்கியபோது ஒன்றும் ஆகவில்லையே. கரண்டே போனாலும் இது போகாது என்று நானே சொல்லியிருந்தேனே.

இரண்டு பெட்டிகளும் கத்தியிருக்கின்றன. இடிக்குப் பயந்து கத்துகின்றன என்று நினைத்து, பட்டனை அமுக்கி வாயை அடைத்திருக்கிறாள். திரையில் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே இருந்ததாம். பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மழை நிற்பதாக இல்லை.

நான் வந்தபோது மழை விட்டிருந்தது. எல்லாப் ப்ளக்கையும் அவள் திரும்ப மாட்டியிருந்தாள்.

"ஏங்க, படம் போயிருச்சு. பட்டன அமுக்கினேன், நீலமா வந்து என்னமோ நம்பர் கேக்குது. நீங்க கொஞ்சம் பாருங்க."

திரையைப் பார்த்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "நல்ல வேள, இடி தொடங்குறப்பவே இதையும் புடுங்கிட்டேன். பேட்டரிலதான் ஓடிச்சு. இல்லன்னா இந்நேரம் வெடிச்சே போயிருக்கும்."

"ம்" என்றேன்.

மறுநாள் கணினியை ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இந்த முறை பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேலி பேசவில்லை. உள்ளே இருந்த சீன முதலாளியைக் கூப்பிட்டான். அவர் பார்த்துவிட்டு அவனிடம் மலாயில் ஏதோ சொன்னார்.

"கழட்டி வேற கம்பியூட்டர்ல போட்டாலும் அதே நம்பர்தான் கேக்கும், அண்ணே. யார்கிட்ட கொண்டு போனாலும் இதான். காசு வாங்கிட்டுத் தொறந்து தரேன்னு எவனாச்சும் சொன்னா, குடுத்துடாதீங்க."

வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவருகிலேயே நின்றாள். எதனால் கெட்டது என்று கேட்டாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"இண்டர்நெட்டுக்கு வர்ற போன் வயர் வழியா இடி வந்திருக்காம். நீ கரண்ட்டப் புடுங்குனது சரிதானாம். இது யாராலயும் தடுத்திருக்க முடியாதாம்."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். ஒரு பாரம் இறங்கியது என்று நினைத்தேன்.

ஹார்ட் டிஸ்க்கில் சில கல்யாணங்கள் முழுதாக வந்திருந்தன. தஞ்சோங் ரம்புத்தான் கல்யாணமும் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தேன். எங்காவது ஓர் ஓரத்தில், ஒரு கண்ணாடியில் அவன் தெரிவானா என்று தேடினேன். குரலாவது கேட்குமா என்று பார்த்தேன். பேச்சை எல்லாம் எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டிருந்தான். வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான், பிள்ளை.

'வீடு' வரவில்லை. சின்னவளே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். பேட்டரி இருபது நிமிஷம், மழை அதற்கும் மேல். இப்போது உனக்குக் கணக்குப் புரிந்திருக்கும். தயவுசெய்து அம்மாவிடம் கேட்டுவிடாதே. வாய் தவறிக்கூட வேண்டாம்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். சில நாள் கழித்துச் சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்.

"அந்த போன் வயரு எங்கங்க வருது?"

காட்டினேன். நாற்காலிக்குப் பின்னால், சுவரோரத்தில் இருந்தது.

"இவ்ளோ பக்கத்துலயா? கைய நீட்டுனா எட்டியிருக்குமே. அத ஒன்ன மறந்துட்டேனே."

யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. இப்போது மழை வந்தால் மற்றப் ப்ளக்குகளை நான்தான் புடுங்குகிறேன். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து போன் வயரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய் இது. உண்மையைச் சொன்னால் இதைவிடப் பெரிய பாரத்தைத் தூக்கி வைப்பேன். சொல்லாவிட்டால் இந்தப் பாரம். பெரியவளே, நீ நோயாளிகளைப் பார்க்கிறவள். இரண்டில் எது குறைவு என்று தெரிந்தால் எனக்கு எழுது, அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து வாசித்துக்கொள்கிறேன்.

நேற்று அந்த வயரை அறுத்துவிடச் சொன்னாள். அறுத்துவிட்டேன். அறுத்த துண்டைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.