பஸ் டிக்கட்டில் சுற்றிய மிச்சம்

நாவுலையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். துவைத்துத் துவைத்து நைந்த வெள்ளைச் சட்டை, மடியில் மிளகு மூட்டை. கண்டக்டர் கொடுத்த டிக்கட்டை மிச்சக் காசின் மேல் சுற்றி, ரப்பர் வளையம் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

நான் பார்ப்பதைக் கண்டு, "முதலாளிக்கு," என்றார். "த்ரீவீல் ஆட்டோவுக்குக் காசு குடுத்தாரு. பஸ்லயே வந்துட்டேன்."

இப்படிப் பஸ்ஸில் போய், மிச்சத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்டதற்காகத்தான் முந்தின நாள் என் மகளை அவள் வேலை செய்த மாத்தளைக் கடையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அவளுக்காகக் கெஞ்சத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

"பஸ்ல நசுங்கினது நீங்கதானே அண்ணே? மிச்சம் உங்களுக்குத்தானே சேரணும்?" அவள் முதலாளியிடம் சொல்வதற்கு நான் மனப்பாடம் செய்து வந்த வாதம் அது.

"நானும் அப்படித்தான் நெனச்சேன், தங்கச்சி. ஒருநாள் கேட்டுப் பாத்தேன். தர ஏலாதுன்னுட்டாரு."

"பிறகும் ஏன் பஸ்ல வாறீங்க?"

"த்ரீவீல் குலுக்குற குலுக்குல முதுகு போயிரும்," என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "கேட்டு இல்லன்னதுக்குப் பொறகு எடுத்தா களவுதானே," என்றார்.

மாத்தளையில் இறங்கி, சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தார்.

கடையில் என் வாதம் வாயில் வரவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டேன். மகளைத் திரும்ப எடுக்கவில்லை. மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமா என்று அவள் முன்னமே கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காதுதான். அந்த 'இல்லை'யைச் சுமந்துகொண்டு அந்த மிளகு மூட்டைக்காரர் எப்படி நாள்தோறும் பஸ் ஏறுகிறார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.