திட்டு வாங்காமல் மீட்ட ஸ்கூட்டர்

1. சிதம்பரத்தில், வண்டி நிறுத்தக் கூடாத வீதியில் நானும் தோழி கவிதாவும் ஆளுக்கொரு ஸ்கூட்டரை நிறுத்தினோம்.
2. போலீஸார் இரண்டையும் ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள்.
3. ஸ்டேஷனில் ஆவணங்களைக் காட்டி, அபராதம் கட்டி, என் வண்டியை நானே மீட்டேன்.

கவிதா அழுதுகொண்டு நின்றாள். அவள் போன் செய்ததும் நெல்லிக்குப்பத்திலிருந்து அவள் அப்பா வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"கண்ண எங்கடி வச்சிருந்த? போர்டு தெரியல? மொதல்ல சாப்ட்டியா இல்லியா?"

அவர் என்னிடம் திரும்பி, "நீ கெட்டிக்காரிம்மா, ஒனக்கு யாரும் வரத் தேவையில்ல" என்றார்.

கடலூரில் வீட்டுக்கு வந்ததும் என் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"வண்டி வந்துடுச்சில்ல? நீதான் பாத்துக்குவியே" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்கூட்டர் இப்போது நன்றாகவே ஓடுகிறது. கவிதா வாங்கிய அந்தத் திட்டின் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான்.