மாப்பிள்ளைக் கழுதையைப் பிரித்த பாவம்

எங்கள் மாமாவுக்கு மழை பிடிக்காது. ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஆவாரம்பட்டை சேர்த்து, தோல் பதனிட ஆம்பூருக்கு வண்டியேற்றி அனுப்புவது அவர் தொழில். பட்டை நனைந்தால் சாறெல்லாம் இறங்கிச் சக்கைதான் மிஞ்சும். ஆகவே இரண்டு வருஷம் வானம் பொய்த்தபோது, ஊரோடு சேர்ந்து வெளியே புலம்பினாலும் உள்ளுக்குள் அவருக்குக் குளிர்ச்சிதான். செடிகள் காய்ந்து சிறுத்துவிட்டன. கிளை கிளையாக வெட்டிக்கொண்டிருப்பானேன் என்று, வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவு முழுவதையும் வேரோடு பிடுங்கிவரச் சொன்னார். கொட்டகை கூரைமுட்ட நிறைந்தது.

நான் அவர் வீட்டில் வளர்ந்த சின்னப் பெண். மொட்டையாகிப்போன அந்தச் சரிவில் என் கை நுழையுமளவுக்கு வெடிப்புகள் விட்டிருந்தன. அவற்றில் புளியங்கொட்டை போட்டு விளையாடுவேன். போட்டது எதுவும் திரும்பக் கிடைத்ததில்லை.

ஊரார் கழுதைக்குக் கல்யாணம் பண்ணி மழையை அழைப்பதென்று முடிவெடுத்தார்கள். பெரிய மனிதர் என்று மாமாவையே பெண்வீட்டுக்காரராக உட்காரவைத்தார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மஞ்சள் கயிறு வாங்கிக்கொடுத்து, வந்தவர்களுக்குச் சந்தனம் பூசி, மழை மட்டும் வந்துவிடக் கூடாதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே கல்யாணத்தை நடத்திவைத்தார்.

மழை வந்தது. வந்தது போகவே இல்லை. ஊரெல்லாம் வெள்ளமாக ஓட, எங்கள் சரிவில் மட்டும் தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கி எங்கோ காணாமல் போய்க்கொண்டிருந்தது. கொட்டகை ஒழுகி, பட்டைச்சாறு பழுப்பாக வாசலில் ஓடியது. அடுப்படிக் கதவு சாத்த வரவில்லை, ஊற்றுத் தண்ணீர் சேறாக வருகிறது என்று அத்தை முறையிட்டாள். கதவு ஈரத்தில் ஊதியிருக்கும் என்றார் மாமா. அவர் கவலையெல்லாம் பட்டையின் மேல். கல்யாணத்தால் வந்த மழை, தம்பதியைப் பிரித்தால் நின்றுவிடும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பெண்கழுதையின் கழுத்து மஞ்சள் கயிற்றை அவிழ்த்து அதை ஏரிக்கரைக்கு ஓட்டிவிட்டு, மாப்பிள்ளையை எங்கள் கொட்டகைக்குப் பின்னால் கட்டிப்போட்டார்.

மாப்பிள்ளை போட்ட கூச்சலில் ஒருவரும் தூங்கவில்லை. மறுநாள் காலை அது காதை விறைத்துக்கொண்டு மலையையே பார்த்தது. பிறகு ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரிக்கரையை நோக்கி ஓடியது.

“புடிங்கடா கழுதய. ரெண்டும் சேந்துட்டா மழ இன்னும் ஜாஸ்தியாய்டும்” என்று கத்திக்கொண்டு மாமா ஓடினார். அவர் பின்னால் பட்டை அடிக்கும் ஆட்கள், கரண்டியும் கையுமாக அத்தை, அவள் இடுப்பில் குழந்தை, முந்தானையைப் பிடித்தபடி நான். வீட்டில் ஈ காக்கை இல்லை.

கழுதை பெண்டாட்டியிடம் போய்ச் சேர்ந்த அதே சமயம், பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தோம். சரிவு அப்படியே நழுவி இறங்கியது. கொட்டகை போயிற்று. அடுப்படி போயிற்று. அத்தை குழந்தையை இறுக்கிக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

மாமா மெதுவாக நடந்துபோய் மாப்பிள்ளையின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அது உதைத்தது, அதையும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கே அதே மஞ்சள் கயிற்றைத் தேடியெடுத்து மறுகல்யாணம் நடந்தது. சாயங்காலம் மழை விட்டது. தம்பதியைப் பிரித்த பாவத்தால்தான் மலை சரிந்தது என்று ஊர் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொன்னது. எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாத மாமா, இந்தப் பாவத்தை மட்டும் உடனே ஒப்புக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அத்தை மட்டும் மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏங்க, அந்த மண்ணப் புடிச்சிக்கினு இருந்த செடியெல்லாம் இன்னா ஆச்சி?”

மாமா குனிந்து கழுதையின் கயிற்று முடிச்சைச் சரிபார்க்கத் தொடங்கினார். பாவம், அவருக்குத் தெரியவில்லையே என்று நான் முந்திக்கொண்டேன்.

“நம்ம கொட்டாயிலதான் இருந்துச்சி அத்த. வேரோட.”

நறுக்கென்று என் தலையில் ஒரு குட்டு விழுந்தது. கேட்ட கேள்விக்குச் சரியாகத்தானே பதில் சொன்னேன், எதற்கு இந்தக் குட்டு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.