ஹட்டனில் விடாமல் துரத்திய விளம்பரம்

2008 ஓகஸ்டில் அலுவலகத்தில் ஒரு வாரமாக வாக்குவாதம். இணையத்தில் நாம் எதைத் தேடுகிறோம் என்று வேவு பார்த்து விளம்பரம் காட்டுவதைச் சட்டம் தடுக்கவேண்டுமா? விளம்பரம் இல்லாமல் இணையம் ஓசியில் கிடைக்குமா என்று கேட்ட கட்சி நான். தலை சூடாகி, லீவு போட்டு, கொழும்புக் கோட்டையில் காலை ரயில் ஏறினேன். வட்டவளையில் குளிர் பிடித்தது. பிற்பகல் இரண்டரைக்கு ஹட்டனில் இறங்கினால் நல்ல மழை.

நோர்வூட் பஸ் வரும்வரை ஒரு கொமியூனிகேஷன் கடைக்குள் ஒதுங்கினேன். இணையம் மணிக்கு அறுபது ரூபாய். கடைக்கே ஒரே கணினி. நான் திறந்த பக்கமெல்லாம் குழந்தைப்பேற்றுச் சிகிச்சை விளம்பரம். மெஷினுக்குப் பிள்ளை ஆசை வந்துவிட்டது என்றேன். கடைக்காரர் சிரித்தார். எனக்கு முன் அதில் உட்கார்ந்திருந்துவிட்டு வாசலில் நின்ற பெண் சிரிக்கவில்லை. கடைக்காரர் தேநீர் வாங்கப் போனதும் அந்தப் பெண் என் அருகில் வந்தார்.

"இத அழிக்க முடியுங்களா? அடுத்து எங்க கொழுந்தன் உக்காருவாரு. நான் டாக்டர் தேடுறது தெரிஞ்சா, கொறை எங்கிட்டதான்னு மாமியா என் வீட்டுக்காரருக்கு வேற பொண்ணு பாத்துருவாங்க."

தோட்டத்து லயத்தில் பேசினால் சுவருக்கு அப்பால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும் என்றுதான் டவுனுக்கு வந்து தேடினாராம். "அங்கயாச்சும் கேட்டவங்க கேக்காத மாதிரி இருப்பாங்க. இது வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுதுங்களே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. தேடிய தடத்தைக் காட்டிக்கொடுக்கும் குக்கீஸ் எல்லாவற்றையும் அழித்தேன். கைக்கடிகார விளம்பரம் வந்ததும்தான் அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

கொழுந்தன் வந்து வேலை விண்ணப்பம் ஒன்றை அனுப்பினார். பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனபின் தணிந்த குரலில் கேட்டார்.

"அத அழிச்சது நீங்கதானுங்களா? அண்ணி எழுந்து போனா ஒவ்வொரு வாட்டியும் அந்த விளம்பரந்தான் வரும், இன்னக்கிக் காணோம். நான் வீட்டுல மூச்சு விடல. எனக்குத் தெரியும்னு அண்ணிக்குத் தெரிய வேணாங்க."

அடையாளங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். கொழும்பு திரும்பியதும் நான் கட்சி மாறிவிட்டேன். ஓசி இணையம் எனக்கும் வேண்டும், இந்த வலைப்பூவே அதில்தான் ஓடுகிறது. ஆனால் கேட்டும் கேட்காமல் இருக்கும் பண்பு இயந்திரத்துக்குத் தானாக வராது, சட்டம் போட்டுத்தான் வரவழைக்கவேண்டும்.

போகிறவர்கள் ஜன்னலோரம் பிடியுங்கள், குடை எடுங்கள். கடைக் கணினியை விட்டு எழுமுன் உங்கள் தடத்தை அழித்துவிடுங்கள். எல்லா ஊரிலும் உங்களுக்கு அடுத்து அந்தக் கொழுந்தன் வந்து உட்காரமாட்டார்.